மாணவர் மேடையும் நகைச்சுவை நாடகமும்



மெய்ப்பாடுகள் எட்டினைக் கூறவந்த தொல்காப்பியர் நகையையே முதலில் வைத்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடமை ஆகிய நான்கினின்றும் அது பிறக்கும் என்பது அவர் கருத்து. இந்நான்கும் குறைவின்றி நிறைந்திருக்கும் இடம் கல்லூரியே என்று நீங்கள் எண்ணக்கூடும். ஆயினும், நம் மாணவர் மேடையில் நெடுங்காலம் புராண இதிகாச அரசர்களே பெரும்பாலும் உலாவினர். அவர்கள் பேசியதும் செந்தமிழே.

பின்னாளிற் பேராசிரியராக விளங்கிய க. கணபதிப்பிள்ளை அவர்கள், கொழும்பிலே மாணவர் நடித்தற்பொருட்டு எழுதிய நாடகங்கள் வேறொரு வழியைத் திறந்தன. அவற்றுள் நான்கு, 'நானாடகம்' என்னும் பெயரில் 1940ஆம் ஆண்டு நூலாயின. 'உடையார் மிடுக்கு', 'முருகன் திருகுதாளம்' என்னும் பெயர்களே அவற்றின் போக்கை உணர்த்தும். அரசர் இருந்த இடத்துக்கு ஊர் உடையார் வந்தார். வந்தவர் யாழ்ப்பாணத்துப் பேச்சுமொழியிலேயே பேசினார். இன்று இது எளிய செயலாகத் தோன்றும். தமிழ் கற்பிக்கும் ஒருவரே, கொச்சை என ஒதுக்கப்பட்ட பேச்சை மேடையேற்றுதற்கு அன்று துணிவு வேண்டியிருந்தது.

அத்துணிவின் அருமையை நான் மாணவனாயிருந்தபோது சிறிது உணர்ந்தேன். தோழர் சிலர் கூடிச் சொந்தமாக ஒரு நகைச்சுவை நாடகம் எழுதினோம். ஊர் வாசிகசாலையில் ஆண்டுவிழா. தலைவர் பேச எழுகிறார். பேச்சு முடிவதாயில்லை. மாலை சூட்டப்படவேண்டிய விருந்தினர் காத்திருந்து உறங்கிவிடுகிறார். கதை இவ்வளவே.

எழுதும்போது விழுந்து விழுந்து சிரித்தோம். மூன்றாவது ஒத்திகையில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. நாடகம் கெட்டுவிட்டது என்றஞ்சி, குரலைக் கோணலாக்கினோம், மீசையைப் பெரிதாக்கினோம். எங்களைப் பழக்கிய ஆசிரியர் அவற்றையெல்லாம் தடுத்துவிட்டார். தலைவர் தம்முடைய பேச்சு நகைப்புக்குரியது என்று எண்ணுவதில்லை. ஆகவே நடிப்பவனும் அவ்வாறு எண்ணலாகாது என்பது அவர் கூறிய விதி. மற்றொன்றும் கூறினார். சபையோர் சிரிக்கும்போது அடுத்த வசனத்தைச் சொன்னால் அது காதில் விழாது. சிரிப்பு முற்றாக அடங்கியபின் சொன்னாலோ சபை சோர்ந்துவிடும். அடங்கத் தொடங்கும் கணத்தில் சொல்லவேண்டும். இதனை ஒத்திகையிற் பழகுவது எவ்வாறு? சிரிப்பதற்கு அங்கே சபை இல்லையே!

நாடகத்துக்கு முதல்நாள், தலைவர் வேடம் ஏற்றவன் நடிக்கமாட்டேன் என்றான். காரணம் அப்போதுதான் வெளிவந்தது. அவனுடைய தந்தையார் அவர்கள் ஊர் வாசிகசாலையின் தலைவர். தொண்டையைச் செருமுவதும், சொல்லுக்குச் சொல் சால்வையை ஏற்றிவிடுவதும் அவன் வீட்டிலே கண்டு கற்றவை. அவர் நாடகம் பார்க்க வருகிறாராம்.

வேறொருவனைப் பழக்க நேரமில்லை. செருமலையும் சால்வையையும் விட்டுவிடு என்றோம். விட்டுப் பார்த்தான், பாத்திரம் உயிரற்றுப் போயிற்று. பெற்ற தந்தையைச் சபை நடுவே நகையாடுவதா, நண்பர்களைக் கைவிடுவதா என்று அன்றிரவு அவன் பட்ட பாடு எங்களுக்கு முழுதும் விளங்கியிருக்குமென நான் நினைக்கவில்லை. மறுநாள் மேடையில் ஏறியதும் அவன் தொண்டையைச் செருமினான். சால்வையும் ஏறியது.

சபையோர் அடங்காது சிரித்தனர். திரைக்குப் பின்னே நின்ற நாங்களோ, முன்வரிசையில் ஒரு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதில் அசைவே இல்லை.

நாடகம் முடிந்ததும் பெரியவர் மேடைக்குப் பின்புறம் வந்தார். மகன் தலைகுனிந்து நின்றான். அவர் தொண்டையைச் செருமினார். எங்களுள் ஒருவன் சிரிப்பை அடக்கமாட்டாமல் வெளியே ஓடிவிட்டான்.

"எல்லாம் சரி தம்பி. ஆனால் நான் சால்வையை இடத்தோளிலையெல்லோ போடுறனான்?" என்றார் அவர்.

அடுத்த கிழமை அந்நாடகத்தை மீண்டும் மேடையேற்றினோம். சால்வை இடத்தோளுக்கு மாறியிருந்தது.