ரசீது இல்லாத இடம்

(விழிஞ்ஞம் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் கூட்டத்தில் பேசியது)



நான் டாக்டரும் அல்ல, வக்கீலும் அல்ல. ரயில்வே பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. ஒரு மீன் கூடை காணாமற் போனால்கூட ரசீது காட்டினால்தான் நஷ்டஈடு என்பதைத் தினமும் பார்க்கிறவன். பிள்ளை பெறப் போன பெண்ணுக்கு மயக்க மருந்தால் ஆபத்து வந்தால், நம் கையில் என்ன ரசீது இருக்கிறது?

பிரசவ அறுவைக்குப் பெரும்பாலும் முதுகில் ஊசி போடுகிறார்கள். சில சமயம் முழு மயக்கம். ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம், மூச்சு தடைப்படலாம். தெரிந்தவர் பக்கத்திலிருந்து கவனித்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். கெட்டது நடந்தாலே டாக்டர் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். கோர்ட்டும் சொல்லாது. தொழில் தெரிந்தவர் எடுக்கவேண்டிய கவனம் எடுக்கப்பட்டதா என்றுதான் கேட்கும்.

நம்மில் பலருக்குச் சொந்த ஊர்ப் பக்கமான ஆசாரிப்பள்ளத்தில் நடந்ததைக் கேளுங்கள். அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு 2011ல் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்குப் போன ஒரு தாய்க்கு, ஆக்ஸிஜனுக்குப் பதில் நைட்ரஸ் ஆக்ஸைடு கொடுக்கப்பட்டது. அது மயக்கும் வாயு. அதை மட்டும் சுவாசித்தால் சில நிமிடத்தில் மூளை கெட்டுவிடும். படுத்த படுக்கையாகவே கிடந்து 2012ல் அவர் இறந்தார். குடும்பத்தார் மதுரை ஐகோர்ட் கிளைக்குப் போய்த்தான் நஷ்டஈட்டு உத்தரவு வாங்கினார்கள்.

ஏன் அவ்வளவு தூரம்? காசு வாங்கும் ஆஸ்பத்திரிகள் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும், எல்லாருக்கும் இலவசமாகப் பார்க்கும் ஆஸ்பத்திரி வராது என்று சுப்ரீம் கோர்ட் 1995ல் சாந்தா வழக்கில் தீர்ப்பளித்தது. ஏழை போகிற இடத்துக்கு மட்டும் அந்தச் சுலப வழி இல்லை! நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடிந்தவர்களுக்கும் கெடு இரண்டு வருஷம்.

இனி அந்தச் சம்மதக் காகிதம். மலையாளத்திலோ இங்கிலீஷிலோ இருக்கும். நம்மவர் "எங்கே போடணும் சார்?" என்று மட்டும் கேட்கிறார். என் மனைவியின் பிரசவத்தில் நானும் அப்படித்தான் போட்டேன், காகிதத்தோடேயே பிழைக்கிற குமாஸ்தா! என்ன செய்யப்போகிறார்கள், அதில் என்ன ஆபத்து என்று விளங்கச் சொல்லிப் பெறுவதுதான் சம்மதம் என்று 2008லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாயிற்று. கையெழுத்துப் போட்டுவிட்டதால் அஜாக்கிரதைக்கு மன்னிப்புக் கொடுத்ததாகவும் ஆகாது. சிகிச்சைக் குறிப்புகளின் நகலை எழுத்து மூலம் கேட்டால் 72 மணி நேரத்தில் தரவேண்டும் என்பது டாக்டர்களுக்கான 2002ஆம் வருஷத்து விதி. அதுதான் நம் ரசீது. கல்லெறிந்து கண்ணாடியை உடைத்தால் அது கிடைக்காது.

மலையாளம் படிக்கத் தெரிந்த இரண்டு தோழர்கள், கூப்பிட்டால் ஆஸ்பத்திரிக்கு வருவதாகப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இருவருக்கும் பகலில்தான் ஓய்வு. பிரசவ வலி பகல் பார்த்தா வரும்? ராத்திரி வரக்கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் சொல்லுங்கள்.