கேள்வி கேட்டவர் ஓட்டுக் கேட்டபோது
(மர்பி டவுன் உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

மர்பி டவுன் என்றதும் நம்மில் பலருக்கு மர்பி ரேடியோவும் அதன் விளம்பரக் குழந்தையும்தான் ஞாபகம் வரும். இந்தப் பேட்டைக்குப் பெயர் தந்தவரோ கன்டோன்மென்ட் காலத்து இன்ஜினீயர் ஒருவர். இருந்தாலும் இங்கே ஒலிபரப்பு உலகத்து மனிதர் ஒருவரைப் பற்றிப் பேசுவது பொருத்தம்தானே!

கேரளத்து எம்.வி. நிகேஷ் குமாரைச் சொல்கிறேன். 2003-ல் தொடங்கிய 'இந்தியாவிஷன்' செய்திச் சேனலின் முகமாக இருந்தவர். அதன் சேர்மன் முஸ்லிம் லீக் பிரமுகர். அதே லீக்கைச் சேர்ந்த ஓர் அமைச்சர் மீது எழுந்த புகாரை 2004-ல் அந்தச் சேனலே ஒளிபரப்பியது. அமைச்சர் பின்னர் ராஜிநாமா செய்தார். முதலாளி முகம் பார்க்காத செய்தி! 2011-ல் நிகேஷ் சொந்தமாக 'ரிப்போர்ட்டர்' சேனலை ஆரம்பித்தார்.

இவருடைய தகப்பனார் கதை தெரிந்தால்தான் மீதி விளங்கும். எம்.வி. ராகவன், கண்ணூர் மார்க்சிஸ்ட் கட்சியில் பெரும் புள்ளி. லீக்குடன் கூட்டு வேண்டும் என்று வாதாடியதால் 1986-ல் வெளியேற்றப்பட்டார். தனிக்கட்சி கண்டு, 1987-ல் அழீக்கோடு தொகுதியில் மார்க்சிஸ்ட் வேட்பாளரையே தோற்கடித்தார். 1994-ல் அவர் அமைச்சராக இருந்தபோது கூத்துப்பறம்பில் போலீஸ் துப்பாக்கிச் சூடு. ஐந்து மார்க்சிஸ்ட் இளைஞர்கள் மாண்டார்கள். அந்தக் கோபம் வருஷக்கணக்கில் ஆறவில்லை. ராகவன் 2014-ல் காலமானார்.

இரண்டே வருஷத்தில், 2016 சட்டசபைத் தேர்தலில், அதே அழீக்கோட்டில் அதே மார்க்சிஸ்ட் கட்சியின் சின்னத்தில் நிகேஷ் நின்றார்! பிரசாரத்தில் குடிநீர்ப் பிரச்னையைக் காட்டக் கிணற்றுக்குள் இறங்கி வீடியோ எடுத்தார். ஊரெல்லாம் சிரித்தது. எனக்கென்னவோ பாவமாகத்தான் இருந்தது. காமிரா முன்னே இருபது வருஷம் வாழ்ந்தவருக்கு, பார்க்காமல் பேசக்கூடாது என்பது தொழில் தர்மம். ஓட்டுப் போடுகிறவர் கண்ணுக்கு அது வேஷமாகிவிடுகிறது. லீக் வேட்பாளர் கே.எம். ஷாஜியிடம் 2,287 ஓட்டில் தோற்றார். லீக்குடன் சேரச் சொன்னதற்காகத் தகப்பனார் கட்சியை இழந்தார். அந்தக் கட்சிக்காக நின்ற பிள்ளை லீக்கிடம் தோற்றார்.

மதத்தைக் காட்டி ஓட்டுக் கேட்ட துண்டுப் பிரசுரங்கள் பற்றி நிகேஷ் வழக்குத் தொடுத்தார். 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் ஷாஜியின் வெற்றியை ரத்து செய்தது. ஆனால் நிகேஷை வென்றவராக அறிவிக்க மறுத்துவிட்டது. மேல்முறையீட்டில் ஷாஜி, ஓட்டுரிமை இல்லாமல், சபையில் உட்கார்ந்தார்.

நிகேஷ் திரும்பிப் போய்ச் சேனலில் உட்கார்ந்தார். ஒரு கட்சியின் வேட்பாளராக நின்றவர் மறுபடி நடுநிலையாகக் கேள்வி கேட்டால் யார் நம்புவார்கள்? 2024 ஜூனில் அந்த நாற்காலியையும் விட்டு, முழுநேர மார்க்சிஸ்ட் ஊழியராகப் போய்விட்டார்.