ராஜாவை எதிர்த்தவர்களின் அடிமைகள்



டச்சுக்காரர்கள் 1581இல் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பை உதறித் தள்ளியபோது ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். குடிமக்கள் மன்னனுக்கு அடிமைகளாகப் படைக்கப்பட்டவர்கள் அல்லர் என்பது அதன் சாரம். நல்ல பேச்சுதான். அந்தக் குடியரசின் கம்பெனிதான் 1613இல் இந்தப் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது. துணி வாங்கியது, கூடவே மனிதர்களையும் வாங்கியது. 1659–61இல் தஞ்சைச் சீமையைப் போரும் பஞ்சமும் அழித்தபோது, நாகப்பட்டினம், பழவேற்காடு முதலான துறைமுகங்களில் கம்பெனி வாங்கியவர்கள் 8,000 முதல் 10,000 பேர். பெரும்பாலானவர்கள் இலங்கைக்குப் போனார்கள், மற்றவர்கள் பத்தேவியாவுக்கும் மலாக்காவுக்கும். இங்கே டச்சுக் கல்லறைகளில் பெயர்கள் செதுக்கியிருக்கின்றன. அவை விற்கப்பட்டவர்களின் பெயர்கள் அல்ல.

அமெரிக்காவிலும் இதுவே நடந்தது. பிரிட்டிஷ் ராஜா எங்களை அடிமையாக்குகிறார் என்று முழங்கியவர்களில் பலர் அடிமைகளை வைத்திருந்தவர்கள். 1775 நவம்பரில் வர்ஜீனியா ஆளுநர் டன்மோர் ஓர் அறிவிப்பு விட்டார்: கிளர்ச்சிக்கார எஜமானர்களிடமிருந்து தப்பிவந்து ராஜாவுக்காக ஆயுதம் எடுத்தால் விடுதலை. கருணையெல்லாம் இல்லை, அவர் தன் சொந்த அடிமைகளை விடுவிக்கவில்லை. ஆனாலும் கறுப்பின மக்கள் ஆயிரக்கணக்கில் பிரிட்டிஷ் பக்கம் ஓடினார்கள். 1778இல் ரோட் ஐலண்டில் புரட்சிப் படை விடுதலை தருவதாகச் சொன்னபோது அங்கேயும் சேர்ந்தார்கள். யார் கொடி என்பதல்ல அவர்கள் கணக்கு.

ஜார்ஜ் வாஷிங்டனின் பண்ணையிலிருந்து 1776இல் தப்பிய ஹாரி வாஷிங்டனை எடுத்துக்கொள்ளுங்கள். போர் முடிந்து 1783இல் நோவா ஸ்கோஷியாவுக்குக் கப்பலேறிய சுமார் 3,000 பேரில் அவரும் ஒருவர். பிறகு சியரா லியோனுக்குப் போனார். அங்கே பிரிட்டிஷ் கம்பெனி நிலவரி கேட்டதை எதிர்த்து 1800இல் எழுந்த கலகத்திலும் இருந்தார், அதற்காக நாடுகடத்தப்பட்டார். இவரையா ராஜவிசுவாசி என்பது?

நம் முன்னோடிகளை வெள்ளைக்காரனுக்கு வால்பிடித்தவர்கள் என்று இன்றும் ஏசுகிறார்கள். ஜோதிராவ் புலே 1873இல் 'குலாம்கிரி' நூலை, அடிமைகளை விடுவித்த அமெரிக்க மக்களுக்குத்தான் காணிக்கையாக்கினார். விடுதலை யாருக்கு என்ற கேள்வி அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்து எல்லாரும் ஒன்றாக நிற்க வேண்டும் என்கிறோம். நானும் நிற்கிறேன். ஆனால் இந்த ஏரியில் 'பாடு' முறை இருக்கிறது: யார், எந்த நாளில், எங்கே வலை போடுவது என்று ஊர்க்கூட்டம் முடிவு செய்கிறது. சேற்றில் இறங்கிக் கையால் இறால் தடவும் இருளர் பெண்களுக்கு அதில் பங்கில்லை. ஏரியைக் காப்பாற்றிய பிறகு அவர்களுக்குப் பாடு உண்டா? இதைப் போராட்டம் முடிந்தபிறகு பேசலாம் என்று தள்ளிவைக்காதீர்கள். அடுத்த ஊர்க்கூட்டத்திலேயே எழுப்புங்கள்.