செயலிக்கும் உண்டு கைரேகை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திய புகைவண்டிக் குமாஸ்தா யான். "கணிப்பொறியைப் பற்றி இவனுக்கு என்ன தெரியும்?" என்று நீங்கள் எண்ணலாம். முத்திரையைப் பற்றித் தெரியும்; அத் துணிவால் பேச வந்தேன்.

கைரேகை என்னும் சொல் இத் தங்கவயலுக்குப் புதிதன்று. 1930 ஆம் ஆண்டில், சுரங்கத் தொழிலாளர் விரல் ரேகை பதிய வேண்டும் என்று நிர்வாகம் ஆணையிட்டபோது, நம் முன்னோர் ஏறக்குறைய மூன்று வாரம் வேலைக்கு இறங்க மறுத்தனர். உழைப்பவனைக் குற்றவாளிபோல் நடத்தினால் மானமுள்ள நெஞ்சம் பொறுக்குமோ?

இன்றோ, ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஏறும் ஒவ்வொரு செயலியும் ஒப்பமிடப்பட்டே வருகிறது. ஒப்பமிட ஓர் இரகசியச் சாவி உண்டு. அதனோடு இணைந்த சான்றிதழ் ஒன்றும் உண்டு. அச் சான்றிதழைக் கணித முறையால் சுருக்கிப் பெறும் குறித்தொடரே அதன் கைரேகை. எஸ்.எச்.ஏ.-1 முறையில் 40 குறிகள், எஸ்.எச்.ஏ.-256 முறையில் 64. கீடூல் என்னும் கருவி, சாவிக் கோப்பைப் படித்து அவற்றைக் காட்டும்.

நம் இளைஞர் சிலர் சங்க நூலகத்திற்கென ஒரு செயலி செய்தனர். கூகிள் கணக்கால் உள்நுழைய, செயலியின் கைரேகையை முன்னரே பதிய வேண்டும், பதிந்தனர். வீட்டில் சோதித்தபோது குறையில்லை. பிளே ஸ்டோரில் வெளியிட்ட பின்னரோ, ஒருவராலும் நுழைய இயலவில்லை! மூன்று இரவுகள் கண் விழித்துக் காரணம் தேடினர்.

பிழை இளைஞர்பாலே இருந்தது. பதிவேற்றும் சாவியின் ரேகையை மட்டுமே அவர்கள் பதிந்திருந்தனர். ஸ்டோரோ, பெற்றுக்கொண்ட செயலியை வேறொரு சாவியால் மீண்டும் ஒப்பமிட்டே மக்களுக்கு வழங்குகிறது. மாரிக்குப்பத்தில் நாம் இட்ட அரக்கு முத்திரையை நீக்கிப் பங்காருப்பேட்டையில் வேறு முத்திரை இட்டால், சென்னையில் பார்சலைப் பெறுவோர் எதனைக் காண்பர்? பங்காருப்பேட்டை முத்திரையை அன்றோ! பிளே கன்சோலில் இரண்டு ரேகைகளும் தனித்தனியே தரப்பட்டுள்ளன. விடுபட்ட ரேகையையும் சேர்த்தனர், கதவு திறந்தது.

இது இளைஞர்க்கு மட்டும் உரிய செய்தி அன்று. வங்கியின் பெயராலோ ஓய்வூதியத்தின் பெயராலோ வாட்ஸ்அப்பில் ஒரு செயலிக் கோப்பு வரும். பெயரைப் போலி செய்யலாம். படத்தையும் போலி செய்யலாம். இரகசியச் சாவி இன்றி அதே கைரேகையோடு ஒப்பமிடல் இயலாது. ஆனால் ஒன்று: எவரும் தமக்கென ஒரு சாவி செய்துகொள்ளலாம். ஆதலின் ரேகை இருப்பதே நேர்மைக்குச் சான்றாகாது. உரியவர் ரேகையோடு ஒத்திருத்தல் வேண்டும். அதனை ஒத்துப் பார்க்க நம் அன்னையரால் இயலுமா? இயலாதெனில், வழியில் வந்த கோப்பைத் தொடாதிருத்தலே காப்பு. சுரங்கத்தில் வியர்வை சிந்திச் சேர்த்த பணம் ஒரு தொடுதலில் போய்விடலாகாது.

அன்று நிர்வாகம் நம் கைரேகையைக் கேட்டது, நாம் மறுத்தோம். இன்று நம் வாசலுக்கு வரும் செயலியிடம் நாம் கைரேகை கேட்போம், காட்டாததை மறுப்போம்!