பாட்டாவின் மெழுகு

இன்னைக்கு கோடு, சர்வர் எதுவும் கிடையாது. மெழுகைப் பத்திப் பேசப் போறேன்.

என்காஸ்டிக்னு ஒரு ஓவிய முறை இருக்கு. தேன்மெழுகை உருக்கி, கொஞ்சம் மரப்பிசின் சேர்த்து, நிறப்பொடி கலந்து, சூடு ஆறுறதுக்குள்ள பலகையில வரையணும். ஒவ்வொரு அடுக்கையும் திரும்பச் சூடு காட்டி, கீழே இருக்கிற அடுக்கோட சேர்க்கணும். கிரேக்கத்துல அந்தப் பேருக்கே சுட்டுப் பதிக்கிறதுன்னுதான் அர்த்தம். 1888-ல பிளிண்டர்ஸ் பெட்ரி எகிப்துல ஹவாராங்கிற இடத்துல தோண்டினப்போ, மம்மிகளோட முகத்து மேல வச்சிருந்த பலகை ஓவியங்கள் நிறையக் கிடைச்சுது. பாயூம் ஓவியங்கள்னு தேடிப் பாருங்க. கி.பி. 1 முதல் 3-ம் நூற்றாண்டு வரைக்கும் உள்ளவை, பலதும் மெழுகுல வரைஞ்சது. கண்ணுல ஈரம் இன்னும் மின்னும். பார்த்ததும் எங்க பாட்டாவை இப்படி ஒண்ணு வரையணும்னு தோணிச்சு.

பாட்டா மார்த்தாண்டம் பக்கம் தேன்பெட்டி வச்சிருந்தவரு. நம்ம ஊர்ல ரப்பர் மரம் மார்கழி, தை வாக்குல இலை உதிர்த்து, மாசி, பங்குனியில தளிர் விடும். தேனீ அதுல பூவைத் தேடிப் போறதில்ல. இளம் இலைக் காம்புல ஊறுற தேனைத்தான் எடுக்குது. அந்த ரெண்டு மூணு மாசம்தான் அறுவடை. அடையோட மூடியைச் சீவும்போது வர்ற மெழுகை பாட்டா உருக்கி, துணியில வடிகட்டி, சிரட்டையில ஊத்தி வைப்பாரு. 1990-களோட தொடக்கத்துல தாய் சாக்புரூட்னு ஒரு வைரஸ் நோய் வந்து, தென்னிந்தியாவுல நாட்டுத் தேனீக் கூட்டங்களைக் கூட்டம் கூட்டமா அழிச்சுது. பாட்டா பெட்டிகளும் காலி. அவர் திரும்ப வைக்கல. மிஞ்சினது ஏழு சிரட்டை மெழுகு. மேல வெள்ளையாப் பூத்திருந்ததைப் பூஞ்சைன்னு நினைச்சு அம்மா தூக்கிப் போடப் பார்த்தாங்க. பழைய மெழுகு அப்படிப் பூக்கும், துணியால துடைச்சாப் போயிடும்.

முதல் முகத்தை பிப்ரவரியில வரைஞ்சேன். பிசின் சேர்க்கல, அவசரம். ஏப்ரல்ல சட்டம் போடணும்னு கார்ல வச்சுட்டு ஆபீஸுக்குள்ள போயிட்டேன். தேன்மெழுகு உருகுறது 62, 64 டிகிரியில. நம்ம வெயில் 35-தானேன்னு ஒரு தைரியம். மூடின காருக்குள்ள, அதுவும் கருப்பு நிறத்து மேல வெயில் நேரா விழுந்தா கணக்கே வேற. சாயங்காலம் பார்த்தா பாட்டாவோட நெத்தி மூக்குக்கு வந்திருக்கு. ரெண்டு நாள் அம்மாகிட்டக் காட்டல.

அப்புறம்தான் சுவாமிமலை ஸ்தபதிகள் எப்படி வேலை செய்றாங்கன்னு படிச்சேன். பஞ்சலோகச் சிலைக்கு முதல்ல மெழுகுல உருவம் பண்ணுவாங்க. தேன்மெழுகு, குங்கிலியம், கொஞ்சம் கடலை எண்ணெய். குங்கிலியம் கூடினா இறுகும், எண்ணெய் கூடினா இளகும். வெயிலுக்கு ஒரு கலவை, குளிருக்கு ஒரு கலவை. உருவம் இளகாம இருக்கத் தண்ணியில போட்டுப் போட்டு எடுப்பாங்க. என்காஸ்டிக்காரங்க சேர்க்கிற டமர் பிசினும் குங்கிலிய மரத்தோட குடும்பத்துல இருந்து வர்றதுதான். குங்கிலியக்கலய நாயனார் தூபம் போட்டாரே, அந்தக் குங்கிலியம்! நான் ஆன்லைன்ல விலை பார்த்துட்டு இருந்தேன். வடசேரியில நாட்டுமருந்துக் கடையில பொட்டலம் கட்டிக் குடுத்தாங்க. தூசி ஜாஸ்தி, உருக்கி வடிகட்டணும்.

அவங்களுக்குப் பருவம் தப்பினா மூக்கு வழியறதோட போகாது. மெழுகு மேல வண்டல் மண் பூசி, நிழல்ல காய வச்சு, சூடாக்கி மெழுகை வெளியேத்துவாங்க. அந்த இடத்துலதான் உருகின உலோகத்தை ஊத்துறது. மண்ணுக்குள்ள ஈரம் தங்கியிருந்தா நொடியில ஆவியாகி உலோகம் தெறிக்கும். பக்கத்துல நிக்கிற ஆளுக்கே ஆபத்து. மழைக்காலத்துல அச்சு காயறதுக்குக் காத்திருக்கிறவங்ககிட்ட, எங்க ஆபீஸ் மாதிரி ‘வெள்ளிக்கிழமை டெலிவரி’ன்னு சொல்ல முடியாது.

வழிஞ்ச முகத்தைச் சுரண்டி உருக்கினேன். எல்லா நிறமும் கலந்து கருப்பட்டி நிறம். போட மனசில்ல, புதுப் பலகையில அதையே அடிப்பூச்சாப் பூசினேன். இந்த தடவை எட்டுப் பங்கு மெழுகுக்கு ஒரு பங்கு குங்கிலியம்.

ஆடிச் சாரல்ல வேற பிரச்சினை. கலவை 93 டிகிரியைத் தாண்டக் கூடாதுன்னு சொல்வாங்க. தாண்டினா புகை தொண்டையைப் பிடிக்கும். அதனால ஜன்னல் திறந்திருக்கணும். திறந்தா காத்து, தூரிகை பலகைக்குப் போறதுக்குள்ள மெழுகு உறைஞ்சிடும். ஃபேனும் போட முடியாது. தென்மேற்கு போனா வடகிழக்கு, நமக்கு ரெண்டு மழையும் உண்டே. ஐப்பசியில ஈரம் குடிச்ச ஒரு பலகையில சூடு காட்டினதும் குமிழ் குமிழா வெடிச்சுது, ஒரு சிரட்டை மெழுகு போச்சு. இப்போ பலகைகளை அடுக்களையில அடுப்புக்கு மேல இருக்கிற தட்டுலதான் வச்சிருக்கேன். அம்மாவுக்கு அதுல வருத்தம்தான்.

மிச்சம் ரெண்டு சிரட்டை. முகம் முடிஞ்சுது, கண்ணு மட்டும் பாக்கி. நேத்தும் மழை. ஹாட் பிளேட்டைப் போட்டுட்டு நின்னேன். அம்மா எட்டிப் பார்த்து, ‘மழை விடட்டும் மக்கா, தையில போடு’ன்னாங்க. அணைச்சு வச்சிருக்கேன்.