கிரியாட்டினின் நார்மல், ஆனால் வயது 78

இன்றைக்கு வயதான சிறுநீரகத்தைப் பற்றிப் பேசலாம். ஒரு பாட்டியிடமிருந்தே ஆரம்பிக்கிறேன்.

வயது 78, எடை 45 கிலோ. மகன் லேப் ரிப்போர்ட்டை நீட்டினார். "கிரியாட்டினின் 1.0 தான் டாக்டர், நார்மல்னு போட்டிருக்கு. அம்மா மூட்டுவலிக்கு மாத்திரை போடலாம்ல?" மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற டைக்ளோஃபெனாக்கைத்தான் கேட்கிறார். வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

கிரியாட்டினின் என்பது தசையிலிருந்து வருகிற கழிவு. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியே தள்ளும். வயதானால் வடிகட்டுவது குறையும், தசையும் கரையும். குப்பை போடுகிறவர்களும் குறைந்து, அள்ளுகிறவர்களும் குறைந்தால் தெரு பார்ப்பதற்குப் பழையபடிதானே இருக்கும்? அந்த மாதிரிதான் இந்த 1.0.

காக்ராஃப்ட், கால்ட் என்ற இரண்டு பேர் 1976-இல் கொடுத்த கணக்கு ஒன்று இருக்கிறது. மருந்தின் அளவைத் தீர்மானிக்க இன்றும் பயன்படுத்துகிறோம். 140-இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியாட்டினினை 72-ஆல் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். பெண்களுக்கு மேற்கொண்டு 0.85-ஆல் பெருக்கணும். 70 கிலோ எடையுள்ள 30 வயது ஆணுக்குக் கிரியாட்டினின் 1.0 என்றால், நிமிடத்துக்கு 107 மில்லி என்று வரும். அதே 1.0-க்கு நம்ம பாட்டிக்கு 33! லேப்பில் இ.ஜி.எஃப்.ஆர். என்று போடுவது வேறு சூத்திரம். அதில் பாட்டிக்கு இதைவிடக் கூடுதலாக வரும். ஆனால் அதுவும் 60-ஐத் தொடாது.

இதைக் கேட்டு யாரும் பயந்துவிட வேண்டாம். நாற்பதுக்குப் பிறகு வருஷத்துக்கு ஏறக்குறைய 1 மில்லி குறைவது பலருக்கும் நடப்பதுதான். சிறுநீரகத்துக்குத் தலா 10 லட்சம் வடிகட்டிகள் என்று பொதுவாகச் சொல்வோம். அமெரிக்காவில் சிறுநீரக தானம் செய்த ஆரோக்கியமானவர்களைப் பார்த்ததில், எழுபதைத் தாண்டியவர்களிடம் வேலை செய்கிற வடிகட்டிகள் இளைஞர்களிடம் இருப்பதில் பாதிதான் இருந்தன. அவர்கள் நோயாளிகள் இல்லை. பால்டிமோரில் பல வருஷம் தொடர்ந்து கவனித்தபோது, மூன்றில் ஒருவருக்குக் குறையவே இல்லை என்பதும் தெரிந்தது.

அதனால் 75 வயதில் 55 என்று வந்து, அது அப்படியே நின்று, சிறுநீரில் அல்புமினும் இல்லையென்றால், அவரை "கிட்னி பேஷன்ட்" என்று அழைக்க எனக்கு மனசு வராது. 60-க்குக் கீழே மூன்று மாதம் நீடித்தாலே நோய் என்பதுதான் புத்தக விதி. முதியவர்களுக்கு அது சரியா என்று மருத்துவர்களுக்குள்ளேயே சண்டை ஓடுகிறது. அல்புமின் கசிந்தால் மட்டும் எந்த வயதிலும் விட மாட்டேன். சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனைதான், ஆனால் பாதிப் பேர் எடுப்பதே இல்லை.

சரி, பாட்டிக்கு வருவோம். இருப்பு குறைந்த சிறுநீரகம் சாதாரண நாளில் சமாளித்துவிடும். சிக்கல் வருவது நெருக்கடியில். பாட்டி பிபிக்கு டெல்மிசார்டானும், நீர் பிரிய ஒரு மாத்திரையும் சாப்பிடுகிறார். சித்திரை வெயிலில் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. கூடவே, நான் வேண்டாம் என்ற அதே வலி மாத்திரை. உடம்பில் தண்ணீர் குறையும்போது சிறுநீரகம் உள்ளே வரும் ரத்தக்குழாயை விரித்து வைத்துத் தப்பிக்கப் பார்க்கும். வலி மாத்திரை அதை விரிய விடாது. டெல்மிசார்டான் வெளியே போகிற குழாயைத் தளர்த்திவிடும். அப்புறம் வடிகட்ட அழுத்தம் எங்கிருந்து வரும்? கிரியாட்டினின் 3.2-க்குப் போய்விட்டது. மூன்று மாத்திரையையும் நிறுத்தி, சலைன் ஏற்றி, பத்து நாளில் 1.2-க்கு இறங்கியது. எல்லோருக்கும் அப்படி இறங்குவதில்லை.

தப்பு என்னுடையது. வேண்டாம் என்றேனே தவிர, ஏன் என்று சொல்லவில்லை, வலிக்கு வேறு வழியும் காட்டவில்லை. வலிக்கிறவங்க என்ன பண்ணுவாங்க? இப்போது பாராசிட்டமாலும், மேலே தடவுகிற ஜெல்லும், தொடைத் தசைக்கு உடற்பயிற்சியும் எழுதித் தருகிறேன். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் உடனே போன் செய்யுங்கள், எந்த மாத்திரையை நிறுத்துவது என்று சொல்கிறேன் என்பதையும் சீட்டிலேயே எழுதிவிடுகிறேன்.

போன தடவை பாட்டி கேட்டார்: "ராத்திரி ரெண்டு வாட்டி எந்திரிக்கிறேன் தம்பி. அதான் சாயங்காலம் நாலு மணிக்கு மேல பச்சத்தண்ணி கூடத் தொடுறதில்ல." வயதான சிறுநீரகத்தால் இரவில் சிறுநீரைச் சுண்ட வைக்க முடிவதில்லை, அதனால்தான் எழுப்புகிறது. தாகமும் முன்னைப்போல் எடுக்காது. "ராத்திரிக்கு மட்டும் குறைச்சுக்கோங்க பாட்டி, பகல்ல தாகம் எடுக்காட்டியும் குடிங்க"ன்னு சொன்னேன். மகனிடம் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு விளக்கு போடச் சொல்லியிருக்கிறேன்.