துண்டுச் சீட்டு

(கோவையில் நடைபெற்ற தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



வெளிநாட்டு வேலைக்காக அரசுகள் செய்துகொள்ளும் ஒப்பந்தங்களைப் பற்றிப் பேசுமாறு நண்பர்கள் பணித்தார்கள். ஒப்பந்தம் தில்லியின் விவகாரம், வேலை அனுமதி விமான நிலையத்தின் விவகாரம், கோவைக்கு அதிலே என்ன உறவு என்று சிலர் எண்ணக்கூடும். உறவு உண்டு. வால்பாறையிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் இங்கே வந்திருப்போரில் பலர், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்தினர். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் சிலர் இன்று வளைகுடாவில் உழைக்கின்றனர். தாத்தா கடந்தது ஒரு கடல். பேரன் கடந்தது வேறு கடல். இருவர் கையிலும் இருந்த சீட்டு ஒன்றே. அந்தச் சீட்டின் கதையைக் கேளுங்கள்.

வெள்ளையர் ஆட்சியிலே திருச்சி, சேலம், மதுரை மாவட்டங்களின் வறண்ட சிற்றூர்களில் கங்காணி ஆள் திரட்டினான். முன்பணம் கொடுத்தான். வழிச் செலவு, அரிசி, கம்பளி அனைத்தும் கணக்கில் ஏறின. மலை ஏறுமுன்பே தொழிலாளி கடனாளியானான். அந்தத் தோட்டத்தை விட்டு வேறு தோட்டம் போக விரும்பினால், துரை ஒரு சீட்டு எழுதித் தரவேண்டும்: இன்ன தொகையைச் செலுத்தினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று. அதற்குப் பெயர்தான் ‘துண்டு’. புதிய துரை கடனைக் கட்டுவான். கட்டிய தொகை மறுபடியும் தொழிலாளியின் தலையிலே விழும். கண்ணபுரம் சந்தையிலே காங்கேயம் காளை கை மாறும்போது கயிறும் கூடவே கை மாறுமே, அதுபோல!

1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஒழிக்கும்போது என்ன வாதம் எழுந்தது? ‘செலவழித்துக் கொண்டுவந்த ஆளை இழந்தால் தோட்டம் என்ன ஆவது?’ என்ற வாதம். துண்டு போயிற்று; இலங்கைத் தேயிலை அழிந்ததா? உலகச் சந்தையில் அதன் மணம் குன்றியதா? இல்லையே!

துண்டு போயிற்று, ஆனால் தொழிலாளியைக் கேளாமலே அவன் வாழ்வை எழுதும் வழக்கம் போகவில்லை. 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் தில்லியில் ஒப்பந்தம் செய்தனர். 9,75,000 மக்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை என்ன செய்வது? பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றனர். 1974இல் பாதிப் பாதியாகப் பகிர்ந்தனர். நெல் மூட்டையைப் பங்கிடுவதற்குக்கூட விளைவித்தவனை அருகில் அழைப்பார்கள். இங்கோ முதலில் எண்ணை எழுதினார்கள். எங்கே வாழ விரும்புகிறாய் என்று மனுச் செய்யச் சொன்னது அதற்குப் பின்புதான்.

அவ்வொப்பந்தத்தின் ஒரு விதியைக் கவனியுங்கள். இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டியவர்கள், கப்பலேறும் நாள்வரை அல்லது 55 வயது நிறையும்வரை, எது முந்தியதோ அதுவரை, இருந்த வேலையில் நீடிக்கலாமாம்! பிறந்த மண்ணிலே, பெற்றோர் பயிரிட்ட செடியிலே கொழுந்து பறிப்பதற்கு நாள் குறித்த அனுமதி! அப்படி வந்தவர்களுக்காகத்தான் நீலகிரியில் 1968இல் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கியது. பின்னர் ‘டான்டீ’ நிறுவனமாயிற்று. வேலை கிடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் மண்டபம் முகாமில் இறங்கிய அன்னையிடம் ‘உன் விருப்பம் என்னம்மா?’ என்று எந்த அரசு கேட்டது?

இனி, பேரனின் கதைக்கு வருவோம். கத்தார் நாட்டுடன் இந்தியா 1985இல் தொழிலாளர் ஒப்பந்தம் செய்தது. 2007இல் கூடுதல் உடன்படிக்கையும் கையெழுத்தாயிற்று. ஆயினும் ஒப்பந்தக் காலம் முடியுமுன் வேறு முதலாளியிடம் செல்லவேண்டுமானால், பழைய முதலாளி ‘ஆட்சேபணை இல்லை’ என்று சான்றிதழ் தரவேண்டும் என்ற விதி 2020இல்தான் நீங்கியது. 1985 எங்கே, 2020 எங்கே! முப்பத்தைந்து ஆண்டுகள்! ஆட்சேபணையின்மைச் சான்றிதழ் என்று அரபு மொழியில் எழுதினால் என்ன, ஆங்கிலத்தில் எழுதினால் என்ன? அதுவே துண்டு! குவைத்திலோ 2025 ஜூலை முதல், தனியார் துறையில் உழைக்கும் வெளிநாட்டவர் நாட்டைவிட்டுப் புறப்படுவதற்கே முதலாளியின் ஒப்புதல் வேண்டும். தாயின் இறுதிச் சடங்குக்கு விமானமேற விரும்புகிற மகன், முதலில் முதலாளியின் மனத்தைக் கரைக்கவேண்டும்.

ஆகவேதான் சொல்கிறேன்: ஒப்பந்தங்கள் வேண்டா என்பதல்ல நம் கட்சி. ஒப்பந்தம் இல்லாத இடத்தில் தரகன் சொல்லே சட்டமாகிவிடும். ஒப்பந்தம் வேண்டும், அதை எழுதும் மேசையில் தொழிற்சங்கத்துக்கு ஒரு நாற்காலி வேண்டும். ஊதியமும் வேலை நேரமும் தமிழில் எழுதப்பட்ட தாள், புறப்படுமுன் கையில் வேண்டும். கடவுச்சீட்டு அவனிடமே இருக்கவேண்டும். வேலை அனுமதி உழைப்பவனைச் சார்ந்ததாக இருக்கவேண்டும். முதலாளி மாறினாலும் அது செல்லவேண்டும்.

இதைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டா? உண்டு, நம் வீட்டையும் பெருக்கினால்! மூன்றாண்டு முடிந்தால்தான் மொத்தப் பணம் என்று சொல்லி, நூற்பாலை விடுதிகளில் ஏழைப் பெண்களைக் கட்டிவைத்த ‘சுமங்கலித் திட்டம்’ வேறெந்த நாட்டிலும் முளைத்ததல்ல. நம் கொங்கு மண்ணிலே வேரூன்றியது. இன்று திருப்பூர்ப் பனியன் தொழிலிலும் கோவை வார்ப்படத் தொழிலிலும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் உழைக்கிறார்கள். 1950ஆம் ஆண்டு உடன்படிக்கையினால் நேபாளத்தவர் வேலை அனுமதியின்றியே இங்கு உழைக்கலாம். ஊருக்கு ஓடிவிடுவான் என்று அவர்களின் அடையாள அட்டையை வாங்கிப் பெட்டியில் பூட்டுபவன் யாராயினும், அவனும் துண்டு எழுதிய துரையின் வாரிசே! அவன் நம் உறவினனாக இருக்கலாம். நமக்கு நன்கொடை தருபவனாகவும் இருக்கலாம். அங்கேதான் நம் நேர்மைக்குச் சோதனை.

குவைத்தில் இருக்கும் நம் பிள்ளைக்கு எதைக் கேட்கிறோமோ, அதை இங்கிருக்கும் பிறர் பிள்ளைக்குக் கொடுப்போம். நாளை காலை உங்கள் ஆலையில், உங்கள் தெருவில், அடையாள அட்டை யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். உழைத்தவன் கையில் இல்லையென்றால், வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த கூட்டத்தில் தில்லியைப் பற்றிப் பேசுவோம்.